பதினேழாவது டேக்

சைரன் என்பது பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும். அந்தத் தொண்டையை நம்பித்தான் நான்கு பேர் சேர்ந்து ராக் இசைக்குழு ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு ஆல்பங்கள் ஓஹோவென்று ஓடின. மூன்றாவதில் மண்ணைக் கவ்வினார்கள். வயலின், பியானோ, பின்னணி பாட முப்பது பேர் என்று ஊரையே கூட்டியிருந்தார்கள். ‘வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகிறவரின் கொட்டாவி’ என்று ஒரு விமர்சகர் எழுதினார். சைரனுக்கு அந்த வரி மனப்பாடம். பல் துலக்கும்போதுகூட நினைவுக்கு வந்து தொலைக்கும்.

ஆல்பங்களை வெளியிடுகிற கம்பெனி இன்னொன்றுக்குத் தலையாட்டியது. இதுவும் படுத்தால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று நால்வருக்கும் தெரியும்.

ஸ்டூடியோ ஒரு டயர் கிடங்கின் மாடியில் இருந்தது. பாடும் அறை துணி அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிது. சுவரெல்லாம் சாம்பல் நிற ஸ்பாஞ்ச். ஒரு மைக், ஒரு ஸ்டூல், வெந்நீர் பிளாஸ்க். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்கிற பெண்ணும், அவள் தோளுக்குப் பின்னால் மாப்பிள்ளையும் இருப்பார்கள்.

மாப்பிள்ளை என்றால் கிட்டார்காரன். இருபது வருடப் பழக்கம். சைரனின் தங்கையைக் கட்டிக்கொண்டவன். சைரனின் அம்மா அவர்கள் வீட்டில்தான் இருந்தாள். பாட்டுகளை எழுதுவதும் இவன்தான். மூன்றாவது ஆல்பத்தின் தோல்வியை யாரும் இவன் தலையில் கட்டவில்லை; குரல் சரியில்லை என்றுதான் ஊர் பேசியது. இருந்தாலும் தூங்க முடியாமல் கிடந்தவன் இவன்தான்.

கடைசிப் பாட்டு மட்டும் வழிக்கு வரவில்லை. வீட்டை விட்டுப் போனவள் திரும்பி வரமாட்டாள் என்று ஒருவன் புரிந்துகொள்கிற பாட்டு. பதினாறு டேக் பாடியாகிவிட்டது.

“சுருதி எல்லாம் கரெக்டா இருக்கு மச்சான்” என்றான் மாப்பிள்ளை. “ஆனா யாரோ பஸ் ஸ்டாப்புல நின்னு பாடுற மாதிரி இருக்கு.”

“இதுக்கு மேல நான் என்னடா பண்ணட்டும்? செத்துக் காட்டணுமா?”

அன்று காலை அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் எடுக்கும் ஆபரேஷன். கூட இருக்கிறேன் என்றுதான் சைரன் சொன்னான். “கல்லு எடுக்கறதப் பாக்க நீ எதுக்கு? போய்ப் பாடற வேலையப் பாரு” என்று அம்மா விரட்டிவிட்டாள். தங்கை ஆஸ்பத்திரியில் இருந்தாள். செல்போன்கள் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மேஜை மேல்.

பதினொன்றரை மணிக்கு மாப்பிள்ளையின் போன் அடித்தது. அவன் தலைகுனிந்து பேசுவதைச் சைரன் கண்ணாடி வழியாகப் பார்த்தான். பேசி முடித்து மாப்பிள்ளை போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தான். பிறகு பாடும் அறைக்குள் பேசுகிற பொத்தானை அழுத்தினான். குரல் ஹெட்போனுக்குள், காதோடு காதாகக் கேட்டது.

“மச்சான், அம்மா போயிட்டாங்க. ஆபரேஷன் நடக்கும்போதே.”

சைரன் வாயைத் திறந்தான். அதற்குள் ஹெட்போனில் கிட்டார் ஆரம்பித்துவிட்டது. நான்கு தட்டு. எட்டு தட்டு. அவன் கண்ணாடியைப் பார்த்தபடியே நின்றான். எந்தத் தட்டில் சேர வேண்டுமோ, மிகச் சரியாக அந்தத் தட்டில் சேர்ந்து பாடினான்.

முதல் இரண்டு வரிகள் ஒழுங்காக வந்தன. மூன்றாவதில் குரல் கிழிந்தது. கடைசியில் பாட்டே இல்லை. அடிபட்ட மாடு மாதிரி ஒரு சத்தம்தான். அதுவும் சுருதி விலகாமல் வந்தது.

ஹெட்போனை வீசி எறிந்துவிட்டுக் கதவைத் திறந்தான். ஒலிப்பதிவுக்காரி முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை சுவரோடு ஒட்டி நின்றான்.

“அடிக்கறதுன்னா அடிச்சிக்கோ. அத்தை நல்லாருக்காங்க. கல்லு எடுத்தாச்சு. முழிச்சுட்டு காபி கேட்டாங்களாம்.”

சைரன் அடித்தான். மாப்பிள்ளையின் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். கீழே டயர் கிடங்கிலிருந்து ஆள்கள் ஓடிவந்து பிடித்துத்தான் விலக்க வேண்டியிருந்தது.

மூச்சு அடங்கியதும் யாரும் சொல்லாமலே அவன் போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“போடு. கேக்கறேன்.”

இரண்டு முறை கேட்டான். இந்தக் குரலைக் கொட்டாவி என்று எவனும் சொல்ல முடியாது. ஒலிப்பதிவுக்காரி மெதுவாக, “அழிச்சிடட்டுமா சார்?” என்றாள்.

“வேணாம். இருக்கட்டும்.”

ஆல்பம் பிய்த்துக்கொண்டு போனது. அதே விமர்சகர், ‘நடிக்கத் தெரியாத துக்கம்’ என்று எழுதினார். வானொலியைத் திருப்பினால் அந்தப் பாட்டு, கடைக்குள் நுழைந்தால் அந்தப் பாட்டு. அம்மாவுக்கு ஒரே பெருமை. “பாவி, யாருக்காகடா இப்படி அழுதே? கேட்டா எனக்கே அழுகை வருது” என்று போனில் சிரித்தாள். “பாட்டு அப்படிம்மா” என்று சொல்லிச் சமாளித்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பத்திரிகைக்காரன் அந்தப் பதிவைப் பற்றி மாப்பிள்ளையிடம் கேட்டான். புகழில் மிதந்துகொண்டிருந்த மாப்பிள்ளை உதட்டுத் தழும்பைத் தடவிக் காட்டி, எல்லாவற்றையும் வேடிக்கைக் கதையாகக் கொட்டிவிட்டான். “அத்தையக் கொன்னுதான் ஆல்பத்தப் பொழைக்க வெச்சோம்” என்ற பேச்சையே தலைப்பாகப் போட்டார்கள். வாசித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாட்டு இன்னும் வேகமாக விற்றது.

அம்மாவும் அதை வாசித்தாள். உள்ளூர்க் கச்சேரிக்கு ஒரு டிக்கெட் கேட்டாள். முன்வரிசையில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

குரல் கிழிய வேண்டிய இடம் நெருங்கியது. சமீபத்தில் நான்கைந்து கச்சேரிகளாக அது சரியாகக் கிழியவில்லை. ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டு போயிருந்தார்கள். சைரன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தின் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்திப் பார்த்தான், மனசுக்குள். குரல் கிழிந்தது. அரங்கமே எழுந்து நின்றது. அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

மேடைக்குப் பின்னால் வந்து அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

“என்னப் பாத்து அந்த வரியப் பாடினியே, என்ன நெனச்சே?”

“ஒண்ணும் நெனக்கலம்மா.”

“பொய் சொல்லாத. உங்கப்பா செத்தப்போ நான் கண்ணாடியில பாத்த முகம்டா அது.” கைக்குட்டையை மடித்தாள். “அந்தப் பய பொய் சொன்னான், சரி. உங்கம்மா போயிட்டாள்னு கேட்டப்புறம் நீ எப்படிடா பாடினே?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மறுநாளிலிருந்து அவன் போனை அவள் எடுக்கவில்லை. ஊர் ஊராகக் கச்சேரி. ஒவ்வொரு ஊரிலும் மேடையேறும் முன் அடித்துப் பார்த்தான். மூன்றாவது வாரம் தங்கை எடுத்தாள்.

“அம்மா இங்கதான் இருக்காங்கண்ணா. காய் நறுக்கிட்டிருக்காங்க.”

“ஒரு நிமிஷம் அவங்ககிட்ட குடேன்.”

போனைக் கையால் பொத்துகிற சத்தம் கேட்டது. தங்கை திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

“நான் பேசாம இருந்தாத்தான் அவனுக்குப் பாட வரும், அப்படியே இருக்கட்டும்னு சொல்றாங்கண்ணா. திட்டறதுக்குச் சொல்லல. சாதாரணமாத்தான் சொல்றாங்க.”

சைரன் போனை வைத்துவிட்டு மேடைக்குப் போனான். அன்று மூன்றாவது வரி வரைக்கும் தாங்கவில்லை. முதல் வரியிலேயே குரல் உடைந்தது. விசில் பறந்தது. மாப்பிள்ளை கிட்டாரை வாசித்துக்கொண்டே பக்கத்தில் வந்து, அவன் காதருகே குனிந்து, “பிரமாதம் மச்சான், இப்படியே போ” என்றான்.

அவன் அப்படியே பாடிக்கொண்டு போனான்.