தத்துவில் மூணா, நாலா?

ரிப்பேர்காரர் கேம் பெட்டியைக் கவிழ்த்து, கேசட் போடும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார்.

"உள்ளே பின் எல்லாம் தேஞ்சு போச்சு தம்பி. ஏதாவது ஒரு கேசட்டைப் போட்டு, அதோட சேத்து ஒட்டிக் குடுக்கறேன். அப்புறம் மாத்தணும்னு வெளியே இழுத்தீங்க, பெட்டிக்குக் கும்பிடு போட்டுடலாம். எதுன்னு சனிக்கிழமை சொல்லுங்க."

லிஃப்ட் மெக்கானிக்கான தம்பி, டார்ச்சை வாங்கித் தானும் ஒரு தடவை உள்ளே அடித்துப் பார்த்தான். பெட்டி அவனுக்கும் அக்காவுக்கும் பொதுச் சொத்து. அதில் அவர்கள் ஆடியதெல்லாம் ஒரே விளையாட்டின் பல பாகங்கள். பெயர் தத்து. ஒற்றைக் காலில் பூட்ஸ் மாட்டிய ஒரு தத்துக்கிளி, பலகை விட்டுப் பலகை தாவி, பள்ளம் தாண்டி, எதிரிகளின் மண்டையில் மிதித்துக்கொண்டே போகும். முதல் பாகம் பெட்டிக்குள்ளேயே பதிந்து வந்தது. மற்றவை பிறந்தநாளுக்கு ஒவ்வொன்றாகக் கேசட்டில் வந்து சேர்ந்தன. மேலே ஒட்டியிருந்த படமெல்லாம் உரிந்துபோய், இப்போது எல்லாம் ஒரே சாம்பல் நிறக் கட்டிகள்; அடுக்கி வைத்த வரிசைதான் அடையாளம்.

அன்று மதியமே அக்காவைப் பார்க்கப் போனான். அவள் பல் செட் செய்யும் லேபில், இளஞ்சிவப்பு மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"இதுல யோசிக்க என்னடா இருக்கு? நாலு."

"மூணு."

"மூணாம் மூணு! தத்து தண்ணிக்குள்ளேயே கெடந்து ஊறும். ஒரு தடவை குதிச்சு மேலே வர்றதுக்குள்ள நமக்கு மூச்சு முட்டும்."

"தண்ணி வர்றது ரெண்டுல. உனக்கு மெழுகு வாசனையில மூளை உருகிடுச்சு."

"உனக்குத்தான் லிஃப்ட் மேலே போயும் மூளை கீழேயே நின்னுடுச்சு. நாலுல அந்தக் குடைக் காடு இருக்கே, மிதிக்க மிதிக்க ஒவ்வொரு குடையா விரியுமே, அது ஒண்ணு போதாதா?"

"குடைக் காடா? அப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லை. மூணுல மணிக்கூண்டு வரும் பாரு, சக்கரத்துப் பல்லு மேல பல்லா தாவணும்…"

"நீயா கதை கட்டாதே. பல்லுன்னா எனக்குத் தெரியாதா? அப்படி ஒரு இடமே தத்துல கெடையாது!"

பக்கத்து மேசைக்காரர், "சாயங்காலத்துக்குள்ள அந்தக் கீழ்த்தாடை முடிஞ்சிடுமா?" என்று கேட்ட பிறகுதான் இருவரும் ஓய்ந்தார்கள். இது இன்றைய சண்டையல்ல, இருபது வருடச் சண்டை. ஆனால் இதுவரை தோற்றவருக்கும் என்றாவது ஒருநாள் தன் கேசட்டைப் போட்டுக்கொள்ளும் வழி இருந்தது. இப்போது அது இல்லை. ஒருவருக்குப் பிடித்த பாகம் நிரந்தரமாக மூடப்படும்.

வெள்ளிக்கிழமை மாமா போன் செய்தார். அக்காவின் கணவர், பஞ்சாயத்து என்றாலே காத தூரம் ஓடுபவர். "மச்சான், உங்கக்கா ரெண்டு நாளா தூக்கத்துல பல்லைக் கடிக்கிறா. அவ தொழிலுக்கு அது அழகா? நீதான் கொஞ்சம் விட்டுக் குடேன்."

இரவெல்லாம் யோசித்து, தம்பி மனதைக் கல்லாக்கிக்கொண்டான். மறுநாள் காலை மூணை அலமாரியில் வைத்தான். மனசு கேட்கவில்லை, அதுவும் பெட்டியைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும் என்று எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். நாலைக் கொண்டுபோய் ரிப்பேர்காரர் கையில் கொடுத்துவிட்டு, அக்காவைக் கடைக்கு வரச்சொன்னான்.

அவள் வரும்போது பசை சூடாகிக்கொண்டிருந்தது.

"உன் நாலையே ஒட்டச் சொல்லிட்டேன்க்கா," என்றான்.

அக்காவின் முகம் பூவாக மலர்ந்தது. "அட என் ராசா!" என்று கேசட்டை வாங்கி, கொஞ்சுவது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மலர்ந்த முகம் அப்படியே சுருங்கியது.

"இதுல என் பல்லு எங்கேடா?"

"என்ன பல்லு?"

"ஒம்போது வயசுல கோவத்துல நாலைக் கடிச்சு வெச்சேனே! ஓரத்துல தடம் இருக்குமே! இது நாலு இல்லை, இது அஞ்சு!"

தம்பி மெதுவாகச் சட்டைப் பையிலிருந்ததை எடுத்தான். ஓரத்தில் இரண்டு பள்ளம். "இது எலி கடிச்சதுன்னு நெனச்சிருந்தேன்…"

"எலியா!" அக்கா அதைப் பிடுங்கி, தொழில்காரியின் கண்ணோடு வெளிச்சத்தில் பிடித்தாள். "மேல் முன்பல்லு ரெண்டு, நடுவுல சந்து. சாட்சாத் என்னோடது. இதுதாண்டா நாலு!"

"இது மூணுக்கா. கேசட் ஒண்ணு, ரெண்டு, மூணு."

"பெட்டிக்குள்ளேயே இருந்ததை யாருடா எண்ணுவா?"

"அதுக்குத்தான் கேசட்டே கெடையாதே."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "லிஃப்ட்காரன் புத்தி! தரைத்தளத்தைக் கணக்குலயே சேக்க மாட்டே!"

ரிப்பேர்காரர் பசையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா அஞ்சை ஒட்டியிருப்பேன்."

"அப்போ குடைக் காடு?" என்றான் தம்பி.

"அப்போ மணிக்கூண்டு?" என்றாள் அக்கா.

பதில் இருவருக்கும் ஒன்றாகவே உறைத்தது. சின்ன வயதில் அக்கா முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஐந்தரைக்குப் பாட்டு வகுப்புக்கு ஓடும்போது, பந்து விளையாடிவிட்டு வியர்த்து வந்து நிற்கும் தம்பி கையில் கன்ட்ரோலரைத் திணிப்பாள். முன்பாதி அவளுக்கு, பின்பாதி அவனுக்கு. ஒருவர் பாதியை மற்றவர் கண்ணால் கண்டதில்லை; வளர்ந்த பிறகோ சண்டை போட்டார்களே தவிர, உட்கார்ந்து ஆடவில்லை.

மாலை அக்கா வீட்டில், பல்தடம் பதிந்த கேசட் பெட்டிக்குள் நிரந்தரமாகக் குடியேறி ஓடியது. குடைக் காட்டில் தம்பி முதல் குடையிலேயே வழுக்கி விழுந்தான். அக்கா அவனைக் கரையேற்றிவிட்டு, பாதி வந்ததும் பழக்கதோஷத்தில் கன்ட்ரோலரை நீட்டினாள்.

"வகுப்பு இல்லைக்கா. நீயே ஏறு."

மணிக்கூண்டில் ஒன்பது தடவை விழுந்து, பத்தாவது தடவை உச்சியைத் தொட்டாள்.

மாமா எட்டிப்பார்த்தார். "அப்பாடா. சண்டை தீர்ந்ததா?"

"தீர்ந்தது மாமா," என்றான் தம்பி. "பின்பாதிதான் ஒசத்தின்னு அக்காவே ஒத்துக்கிட்டா."

"யாருடா ஒத்துக்கிட்டா? முன்பாதிதாண்டா ஒசத்தி!"

மாமா சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.