மேற்குச் சுவரின் காய்ச்சல்

கைராசிக்கார டாக்டர் வீட்டு மேற்குச் சுவருக்குப் பல வருடங்களாக நூற்று இரண்டு டிகிரி காய்ச்சல் இருந்தது. மழைக்காலத்தில் ஒரு டிகிரி கூடும், வெயில் காலத்தில் அந்த ஒன்று இறங்கும், அவ்வளவுதான். காரணம் ஊருக்கே தெரியும். டாக்டர் நோயாளியின் நெற்றியில் வலது கையை வைத்து, இடது கையைச் சுவரில் ஊன்றிக்கொள்வார். காய்ச்சல் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கிச் சுவருக்குள் போய்விடும். பிறகு மரியாதைக்கு நாலு மாத்திரை எழுதிக் கொடுப்பார். அந்த நீளச் சுவரின் ஒரு பக்கம் ஆஸ்பத்திரி, மறுபக்கம் வீடு. வீட்டுப் பக்கத்தில் டாக்டரின் மனைவி ஈரத்துணிகளை அதில் ஒட்டிக் காயவைப்பாள். தெருப்பூனைகள் குட்டி போட அங்கேதான் வந்தன. வெள்ளையடிக்க வந்த பெயின்டர் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு பெயின்ட் வேணாம் சார், ரெண்டு நாள் ரெஸ்ட் குடுங்க" என்று சொல்லி வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனான். சுவருக்கு யாரும் ரெஸ்ட் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிப் பக்கம், தெருவாசலை ஒட்டி, அதே சுவரோரம் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. தொழில் தொடங்கிய வருடம் டாக்டர் தன் அப்பாவின் பெயரைக் கல்லில் வெட்டிப் பதித்துக் கட்டியது. காய்ச்சல் போனவர்கள் வெளியே போகும்போது அதில் ஒரு டம்ளர் குடிப்பார்கள். கூட வந்தவர்களும் குடிப்பார்கள். பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். அதுவும் வைத்தியத்தில் சேர்த்திதான் என்று யாரும் சொல்லாமலே எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களின் குணம் அப்படி. சும்மா கிடைப்பது எதுவானாலும் இரண்டு பாட்டில் கூடப் பிடித்துக்கொள்வார்கள், கேள்வி மட்டும் கேட்க மாட்டார்கள். அடுத்த மாதம் அதே ஆட்கள் அதே காய்ச்சலோடு வந்து அதே பெஞ்சில் உட்காருவார்கள். "டாக்டர் கை பட்டா போதும்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

டாக்டருக்குப் பிள்ளைகள் இரண்டு. பெரியவன் சர்ஜன் ஆவதற்கு வெளியூரில் படித்துக்கொண்டிருந்தான், விடுமுறையில் வந்தால் காய் நறுக்கும் கத்தியைக்கூட ஒரு தினுசாகத்தான் பிடிப்பான். சின்னவள் வீட்டுப் பக்கம் அந்தச் சுவரை ஒட்டிய கட்டிலில் படுத்து வளர்ந்தவள், போர்வை என்பதையே அறியாதவள். பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒருநாள், "இவ்ளோ காய்ச்சலும் எங்கேர்ந்துப்பா வருது?" என்று கேட்டாள். "வர்றது அவங்க பாடு. போக்குறது நம்ம பாடு" என்றார் டாக்டர். அந்தப் பதில் அவளுக்குத் தொண்டையில் நின்றது. பெரியவளாகி, ஒரு பட்டம் வாங்கி, ஊர்ச் சுகாதார அலுவலகத்தில் சேர்ந்து, யார் வீட்டில் காய்ச்சல் என்று தெருத்தெருவாகக் கேட்டுத் திரியும் வேலை பார்த்தபோதும் அது அங்கேயே நின்றது. வருடா வருடம் அதே வீடுகள், அதே காய்ச்சல். கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், மேற்கொண்டு பொதுச் சுகாதாரம் படிக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

டாக்டர் கையை உதறிவிட்டு எழுந்தார். "அது ஒரு படிப்பா? கொசுவ எண்ணுறதுக்கு ஒரு பட்டமா?" விடுமுறைக்கு வந்திருந்த பெரியவன் தன் பங்குக்கு, "நாங்க ஒருத்தர பொழைக்க வைப்போம். இவ ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டுவா" என்றான். சின்னவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒருத்தரையே பத்து தடவ பொழைக்க வைக்கறீங்க, அதான்ணா எனக்குப் புரியல" என்றாள். அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. டாக்டர் மகளிடம் சொல்ல வேண்டியதை மனைவியிடம் சொன்னார். மனைவி அதைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

படிக்காதே என்று சொல்லி நடக்காதபோது, எங்கே படிப்பது என்பதில் சண்டை தொடர்ந்தது. டாக்டர் காட்டிய கல்லூரிக்கு யானை நுழைகிற அளவுக்கு கேட் இருந்தது. அதன் தலைவர் அவரோடு படித்தவர். அங்கே ஆஸ்பத்திரி நிர்வாகப் பிரிவில் சேர்ந்து, முடித்துவிட்டு வந்து அப்பாவின் ஆஸ்பத்திரியில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியது, அதுதான் திட்டம். அம்மா காட்டியது கம்ப்யூட்டர் வழியாக வீட்டிலிருந்தே படிக்கும் படிப்பு. படிப்பும் ஆச்சு, பெண் கண்ணெதிரேயும் இருந்தாச்சு. மூன்றாவதைச் சின்னவளே தேடிக் கண்டுபிடித்திருந்தாள். ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள், நோய்ப் பரவலைப் பற்றிய படிப்பு. சேர்ந்த முதல் வாரமே தெருவில் இறக்கிவிட்டுவிடுவார்கள். "அந்த காலேஜுக்கு கேட்டே இல்லடி" என்றார் டாக்டர், அன்று கோபத்தில் மனைவி வழியாகச் சொல்ல மறந்து நேராகவே.

சின்னவள் மூன்று இடத்துக்கும் போன் போட்டாள். மூன்று பேரிடமும் ஒரே விஷயத்தைச் சொன்னாள். எங்கள் வீட்டுச் சுவருக்குக் காய்ச்சல், அது குறைவதே இல்லை, உங்கள் படிப்பு இதற்கு என்ன சொல்லித்தரும்? கேட் வைத்த கல்லூரியின் அதிகாரி நல்ல உற்சாகத்தில் இருந்தார். அறைக்கு ஏசி போடலாம், நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கலாம், சுவரையே விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். கம்ப்யூட்டர் படிப்புக்காரர்கள், சுவர் சம்பந்தமான பாடம் இரண்டாம் வருடத்தில் வரும், அதுவரை பொறுத்திருங்கள் என்றார்கள். டயர் கடை மாடியில் போனை எடுத்தது கரகரத்த குரலுடைய ஓர் ஆசிரியை. முழுக்கக் கேட்டுவிட்டு, "எந்தப் பக்கம் அதிகமா சுடுது?" என்றார்.

பிறந்ததிலிருந்து அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்த சின்னவள், அதில் துணி காயவைத்த அம்மா, தினமும் கை ஊன்றிய அப்பா, ஒருவருக்கும் அது தெரியவில்லை. "பாத்துட்டு சொல்றேன் மேடம்" என்று சொல்லிப் போனை வைத்தபோது அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. வெட்கம்தான், வேறொன்றுமில்லை. மூன்றில் எது என்பதும் அந்த நிமிடமே முடிந்துவிட்டது, அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி பூட்டிய ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் மேஜையிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்துச் சுவரில் அங்குலம் அங்குலமாக வைத்துப் பார்த்தாள். டாக்டர் கை ஊன்றும் இடம்தான் அதிகம் கொதிக்கும் என்று எதிர்பார்த்தாள். அங்கே வெதுவெதுப்புதான். தெருவாசல் பக்கம் போகப் போகச் சூடு ஏறியது. சுவரின் அடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பாதரசம் கண்ணாடிக் குழாயின் உச்சிக்குப் போய் நின்றது. காய்ச்சலுக்குப் பிறந்த இடத்துக்கே போய்ச் சேரும் சுபாவம் உண்டு போலும். இத்தனை வருடமும் சுவருக்குள் இறக்கிவிடப்பட்டதெல்லாம் நகர்ந்து நகர்ந்து வந்து தொட்டியடியில் குடியிருந்தது. தொட்டிக்குக் கீழே, அதற்குத் தண்ணீர் தரும் நிலத்தடிச் சம்ப்பு. அதிலிருந்து இரண்டு முழம் தள்ளிக் கழிவறைக் குழி. நடுவில் வெடித்த ஒரு சிமென்ட் தடுப்பு. மறுபடியும் போன் போட்டுச் சொன்னாள். கரகரத்த குரல், "வந்து சேந்துக்குங்க. அதுக்கு முன்னாடி அந்தக் குழாய கட்டுங்க" என்றது.

காய்ச்சல் இந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லி, அவள் தொட்டிக் குழாயைக் கம்பி சுற்றிக் கட்டினாள். டாக்டர் கம்பியை வெட்டி எறிந்தார். "எங்கப்பா பேரு இருக்குற தண்ணியடி அது" என்று நோயாளிகள் அத்தனை பேர் முன்னாலும் ஒரு டம்ளர் பிடித்து அண்ணாந்து குடித்தார். பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் குடித்தார், வேலை தொடங்க அதுவே மணி. ஊர் முழுக்க அவர் பக்கம் நின்றது. கடைகளில் சின்னவளுக்குச் சில்லறை இல்லை என்றார்கள், பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. பெற்ற தகப்பன் தொழிலில் மண் போடுகிறவள் என்று, அவள் யார் வீட்டுக் குழந்தைகளின் காய்ச்சலுக்காக வாதாடினாளோ அந்த வீட்டுக்காரர்களே கரித்துக் கொட்டினார்கள். எனக்கு இந்த ஊரைப் பிடிக்காமல் போன வருடம் அதுதான். டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார். கேட் இருக்கிற கல்லூரி, இல்லையென்றால் இந்த வீட்டுப் படியேறக் கூடாது.

மாத முடிவில் டாக்டர் படுத்துவிட்டார். வலது கையைத் தன் நெற்றியில் வைத்து இடது கையைச் சுவரில் ஊன்றிப் பார்த்தார். காய்ச்சல் சுவருக்குள் போய், ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப அவருக்கே வந்தது. பெரியவன் ஓடி வந்து ஊசி மேல் ஊசி போட்டான். இறங்கவில்லை. ஏனென்றால் தொட்டித் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வாயில் படக் கூடாது என்று டாக்டர் உத்தரவு போட்டிருந்தார், வீட்டில் அவர் உத்தரவை மீறிப் பழக்கம் இல்லை. பார்க்க வந்த ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பாட்டில் கொண்டு வந்தார்கள். எல்லாம் அதே தொட்டியில் பிடித்த தண்ணீர். சின்னவள் வாசலில் நின்று ஒவ்வொரு பாட்டிலாக வாங்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். அவள் கல்லூரியில் சேர வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. அப்பாவின் உதடு வெடித்து, கண் உள்ளே போய், பேச்சு குளறியது. ஆனால் அவளைக் கண்டால் மட்டும் தெளிவாக வந்தது. "போய்த் தொல."

கிளம்பும் அன்று காலையில் அவள் கடப்பாரையை எடுத்துத் தொட்டியை உடைத்தாள். தாத்தா பெயர் இருந்த கல் மட்டும் உடையாமல் விழுந்தது. தெருவே கூடி நின்று திட்டியது. ஒருவரும் கிட்டே வரவில்லை, உடைந்த இடத்திலிருந்து அடித்த அனல் அப்படி. பிறகு சமையலறைக்குள் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிச் செம்பில் ஊற்றி அம்மாவிடம் நீட்டினாள்.

"நான் குடுத்தேன்னா குடிக்க மாட்டாரு. தொட்டித் தண்ணின்னு சொல்லிக் குடும்மா. தினம் இப்படியே காய்ச்சிக் குடு."

"அவர்கிட்ட பொய் சொல்லச் சொல்றியாடி?"

"ஆமா."

அம்மா செம்பை வாங்கிக்கொண்டாள். மகள் முகத்தைப் பார்க்கவில்லை, போய் வா என்றும் சொல்லவில்லை. ஆனால் கட்டிய கணவரிடம் வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய் சொன்னாள், அதுவும் தினம் மூன்று வேளை. பெரியவனின் ஊசிகள் அதன் பிறகே வேலை செய்தன. டாக்டர் எழுந்து உட்கார்ந்து, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் தன்னைக் காப்பாற்றியது தன் அப்பா தொட்டியின் தண்ணீர்தான், உடைவதற்கு முன் பிடித்து வைத்த கடைசிச் செம்புகள் என்றார். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார்.

ஊரில் அந்தக் காய்ச்சல் நின்றுபோனது. பெஞ்சுகள் காலியாயின. தொட்டியை உடைத்து அப்பாவின் கைராசியை அந்தப் பெண் அழித்துவிட்டாள் என்று, காய்ச்சல் இல்லாத உடம்போடு ஊர் அவளைத் திட்டியது. சுவர் கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது. பூனைகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன, அம்மா கொடி வாங்கிக் கட்டினாள். டாக்டர் நிமோனியாவையும் எலும்பு முறிவையும் புத்தகத்தைப் பார்த்து வைத்தியம் பண்ணக் கற்றுக்கொண்டார், எரிச்சலோடு.

படிப்பு முடிகிற வருடம், அப்பா வெளியே போயிருந்த ஒரு பகலில், அம்மா கூப்பிட்டுச் சின்னவள் வந்தாள். படியேறியபோது யாரும் தடுக்கவில்லை, யாரும் வா என்றும் சொல்லவில்லை. பழைய கட்டிலில் உட்கார்ந்து, பழக்கத்தில் சுவரில் சாய்ந்தாள். சில்லென்றிருந்தது, ஓர் இடத்தைத் தவிர. தலையணை வைக்கும் உயரத்தில், ஓர் உள்ளங்கை அளவுக்குச் சூடு. பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தாள். நூற்று இரண்டு.

"இது எப்பேர்ந்தும்மா?"

"நீ போனதுலேர்ந்து. சாயங்காலம் ஆளுங்க போனதும் உங்கப்பா அந்தப் பக்கம் நாற்காலிய இழுத்துப் போட்டு கைய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. கேட்டா எரிஞ்சு விழுவாரு. நானும் கேக்கறதில்ல."

சின்னவளும் கேட்கவில்லை. மாலையில் டாக்டர் வந்தார், மகளின் செருப்பை வாசலில் பார்த்தார், "எப்ப கெளம்புறாளாம்?" என்று மனைவியிடம் கேட்டார், ஆஸ்பத்திரிப் பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவள் கட்டிலில் படுத்து அந்த இடத்தில் முதுகை வைத்துக்கொண்டாள். அந்தச் சூட்டை ஆற்ற அவர்கள் யாரும் எதுவும் செய்யவில்லை. துணி காயும் அளவுக்கு அதில் இடமில்லை, ஒரு கைக்குட்டை காயும். அம்மா அன்றாடம் ஒன்றைத் துவைத்து அங்கே ஒட்டிவைக்கிறாள்.