கண்டிப்பா வரேன்

நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அழைத்தவரின் முகத்துக்கு நேரே 'வரமாட்டேன்' என்று சொல்வது கொலைக்குற்றம். அதனால், வரப்போகிறவன் 'பார்க்கலாம்' என்று இழுப்பான். வராதவன்தான் முதல் ஆளாக 'கண்டிப்பா வரேன்' என்பான். நம் கதையின் லிஃப்ட் மெக்கானிக் இதில் கரைகண்டவன்.

ஒரு வருட வைத்தியம் முடிந்து தேறியதற்காக அவனுடைய அக்கா ஞாயிறு மதியம் வீட்டிலேயே சின்ன விருந்து வைத்திருந்தாள். "வர்றியா இல்லையான்னு வியாழக்கிழமைக்குள்ள சொல்லிடு" என்று செய்தி அனுப்பியிருந்தாள். உடனே 'கண்டிப்பா வரேன்க்கா' என்று பதில் போட்டான். இந்த முறை நிஜமாகவே போவதாக இருந்தான். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டே முறைதான் எட்டிப் பார்த்திருந்தான். அது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை ஓர் அலுவலகக் கட்டடத்தில், ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே, லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து கதவுச் சக்கரத்தை மாற்றிக்கொண்டிருந்தபோது அக்கா வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"மாப்ளே, உன்கிட்ட இருக்கற மடக்கு மேஜையை நாளைக்கே வந்து எடுத்துக்கறேன்."

"எதுக்கு மாமா? ஞாயித்துக்கிழமை வரும்போது நானே கொண்டாரேன்."

மாமா தொண்டையைச் செருமினார். "நீதான் வரலையே. பன்னெண்டு பேருக்குத்தான் சாப்பாடு சொல்லியிருக்கு."

"கண்டிப்பா வரேன்னு சொன்னேனே!"

"அதனாலதான் மாப்ளே உங்கக்கா உன்னைக் கழிச்சிட்டா."

சுருக்கென்றது. ஆனால் யாரைக் குறை சொல்வது? அக்கா மகள் பட்டம் வாங்கிய விருந்துக்கும் இதே பதில்தான். தம்பி வரட்டும் என்று அக்கா மூன்று மணி வரை இலைகூடப் போடவில்லை. மாமாவின் நண்பர் ஒருவர் பசியில் பழக்கூடையைப் பாதி காலி செய்துவிட்டாராம். புலி வருது புலி வருது என்று இவன் சொன்னது போதாதா! இனி அழைப்புகூட ஒப்புக்குத்தான் வரும். அதுவும் போனால், அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அங்கேயே உட்கார்ந்து அக்காவை அழைத்தான்.

"அக்கா, சத்தியமா வரேன்."

"சரிடா, வந்தா சந்தோஷம்" என்றாள், அடம்பிடிக்கும் குழந்தையைச் சமாளிக்கும் குரலில்.

அவனுக்கு அழுகை முட்டியது. "இல்லக்கா, கேளு. ஒரு மணிக்கு வருவேன். சாப்பிட்டு ரெண்டு மணிக்கெல்லாம் கிளம்பிடுவேன். அவ என்னை விட்டுட்டுப் போனதிலேர்ந்து எந்த வீட்டுக்குப் போனாலும் 'வீட்டுக்காரி வரலையா'ன்னு கேக்கறாங்க. எத்தனை தடவைதான் பதில் சொல்றது? அதுக்குப் பயந்துதான் இத்தனை நாள் வரலை. அங்கயும் யாராவது கேட்டா பாதிச் சாப்பாட்டுல எழுந்திருச்சுடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

இரண்டு வருடமாக இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"என்னங்க" என்று அக்கா உள்பக்கமாகக் குரல் கொடுப்பது கேட்டது. "சாப்பாட்டுக்காரருக்குப் போன் போடுங்க. தம்பி வரான்."

பிறகு போனில் மெதுவாகச் சொன்னாள்: "கேக்கறவங்க கேக்கத்தான் செய்வாங்கடா, ஊர் வாயை மூட முடியுமா? அப்படி யாராவது கேட்டா நீ தனியா எழுந்து போகாத. எனக்கு ஒரு சைகை காட்டு, நானும் உன்கூட எழுந்து வந்துடறேன்."

"விருந்தே உனக்குத்தானேக்கா!"

"அதனால என்ன? விருந்தாளிங்க சாப்பிடட்டும். நாம ரெண்டு பேரும் மாடியில போய் உக்காந்துக்கலாம்."