பூண்டும் பூரியும் ஒரு பொய்யும்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் சொன்னவள் கார்த்திகா, பதினொன்றாம் வகுப்பு, பருத்திப்பட்டு. நான் இல்லை. பயந்தால் எனக்குச் சிரிப்பு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம்: "அன்று மழை கொட்டோ கொட்டென்று..." (மழையே இல்லை. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: அம்மா பத்மாவின் மனநோய் மாத்திரை தீர்ந்துபோனது. அரசு ஆஸ்பத்திரியில், "ஸ்டாக் இல்லமா, வெளிய வாங்கிக்கோ" என்றார்கள். வாங்கக் காசில்லை. என் அம்மா (திருத்தம்: அவள் அம்மா) தூக்கத்தை விட்டுவிட்டுத் தெருவுக்கே பூரி சுட ஆரம்பித்தாள். பூரி பிரமாதம். போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்துத் தண்டவாளத்தில் போய்*

* இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

2

கார்த்திகா மருந்துச்சீட்டைப் படமெடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டு உதவி கேட்டாள். 'மன' என்று அடித்தாள். அழித்தாள். 'ஹார்ட்' என்று போட்டாள். ஹார்ட் என்றால் தெரு இரங்கும்.

இரங்கியது! பச்சையப்பன் மாமா பூண்டு உரித்துக் கொண்டுவந்தார். "டெய்லி நாலு பல்லு துன்னு, அடைப்பு ஓடிடும்."

வேம்புலியம்மாள் பூரித் தட்டைப் பிடுங்கினார். "ஹார்ட்ட வச்சிகினு எண்ணெய்ல இன்னாடி வேல? அறிவு கீதா உனக்கு?"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் வாயிலும் ஒரு பூரியைத் திணித்தாள். காசு மட்டும் யாரும் தரவில்லை.

(வேம்புலியம்மாள் கொஞ்சம் அதிகமாகக் கத்துகிறாரோ? நிஜத்தில் இன்னும் அதிகம்.)

3

கடைசியாக வந்தவர் எதிர்வீட்டு ஆக்னஸ் அக்கா. கார்த்திகாவைத் தனியே இழுத்தார்.

"சீட்டு பாத்தேன். இது ஹார்ட் மாத்திர இல்லடி."

கார்த்திகாவின் வயிற்றில் ஏதோ... (வேண்டாம். பயந்தாள். போதும்.)

"எனக்கு எப்டி தெரியும்னு கேளு."

"எப்டிக்கா?"

"எனக்கும் ஹார்ட்டுதான். தெருவுல நாலு பேருக்கு ஹார்ட்டு கீது, ஒருத்தருக்கும் நெஞ்சு வலிச்சதே இல்ல! அவசரத்துக்குனு ஒரு டப்பால துட்டு போட்டு வச்சிக்கீறோம். சீட்ட எடு, மெடிக்கலுக்குப் போலாம்."

"அம்மாவ யாரு பாத்துப்பாங்க?"

"வேம்புலியக்கா."

"அவங்களுக்குமா?"

"பின்ன?"

ஸ்கூட்டி ஆடும் அளவுக்கு இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

4

மாத்திரை அம்மாவின் வயிற்றுக்குள் போய்விட்டது. ஆனால் டப்பா காலி. அடுத்த அவசரத்துக்கு ஆள் சேர்க்க வேண்டும். சேர்க்க வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

முடிவு அ: 'ஹார்ட்' அப்படியே இருக்கட்டும். பூண்டு வந்துகொண்டே இருக்கும்.

முடிவு ஆ: "அது ஹார்ட் இல்லை" என்று குழுவில் போடுவது. டப்பாவில் சேர இன்னும் ஒருவர் கதவைத் தட்டலாம். வீட்டுக்காரர் கலியமூர்த்தியும் தட்டலாம், காலி பண்ணச் சொல்லி. அவரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்.

அடித்து வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. இந்தாருங்கள் போன், நீங்களே அழுத்துங்கள். என் விரல் 'அனுப்பு' வரை போய்த் திரும்பிவிடுகிறது.

அவள் விரல். அவள் விரல்.