பல்வலிக்காரியின் படம்

பலகையில் இருந்தது தன் முகம்தான் என்பது தையல்காரிக்கு உடனே உறைக்கவில்லை. கடைத்தெரு முக்கில், ஆள் உயரத்துக்கு, இரண்டு படங்கள். இடது பக்கம் கன்னம் ஒட்டி, கண் குழிந்து, இன்றைக்கோ நாளைக்கோ என்று ஒருத்தி. கீழே 'குடிக்கும் முன்: நெஞ்சு நோயால் இருமி இளைத்தவர்' என்று எழுதியிருந்தது. வலது பக்கம் 'குடித்த பின்': பூசணிக்காய் மாதிரி ஒருத்தி, கையில் டானிக் புட்டியோடு. அவள் டானிக் விற்கிற கடை முதலாளியின் கொழுந்தி என்பது ஊருக்கே தெரியும். சாகக் கிடந்தவள் டானிக் குடித்ததும் வேறு வீட்டுப் பெண்ணாகவே எழுந்துவிட்டாளா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இடது படத்துச் சட்டையின் கழுத்தைப் பார்த்துத்தான் அவளுக்குப் புரிந்தது. அந்தக் கழுத்தை வெட்டித் தைத்தவளே அவள்தானே.

அது கப்பல் சாமான் கடை. வெள்ளைக்காரக் கம்பெனி அனுப்புகிற தைத்த சட்டை, சோப்பு, பீங்கான் தட்டு, டானிக் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். முதலாளிக்குத் தேன்வாய் என்று பட்டப்பெயர். வைத்தவன் பாதியைத்தான் சொன்னான். தேனீக்கு விஷக் கொடுக்கும் உண்டு. விளக்கு வாங்கினால் போட்டோ இலவசம் என்று போன வருடம் அவர் மணியடித்துக் கூவவிட்டபோது, ராத்திரித் தையலுக்கு வேண்டுமே என்று தையல்காரியும் ஒன்று வாங்கினாள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதிலிருந்து தண்ணீர் தவிர எதுவும் இறங்காத நேரம் அது. படக்காரன் சிரிக்கச் சொன்னான். வாயைத் திறந்தால்தானே சிரிக்க. அந்தப் பல்வலிதான் இப்போது நெஞ்சு நோயாகிப் பலகையில் ஏறியிருந்தது.

முதலில் விசாரிப்புதான் வந்தது. "உடம்பு தேவலையா" என்று கேட்டவர்கள் வாசலுக்கு வெளியிலேயே நின்று கேட்டார்கள். பிறகு அவள் தைத்த துணியைப் போட்டால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கொடுத்த துணியையும் ஒவ்வொருவராக வந்து திருப்பி வாங்கிப் போனார்கள். போனவர்கள் எங்கே போனார்கள்? நேரே அதே கடைக்கு, கப்பலில் வந்த தைத்த சட்டை வாங்க. அவள் முகத்தை வைத்து டானிக்கும் விற்றது, அவள் பிழைப்பைக் கெடுத்துச் சட்டையும் விற்றது. புருஷன் வண்டியோட்டிக் கொண்டுவருவது மாட்டுத் தீவனத்துக்கே சரியாக இருந்தது. மெஷின் ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

அவள் கடைக்குப் போய்ப் படத்தை இறக்கச் சொன்னாள். தேன்வாய் அவளை உட்காரவைத்து, படம் கம்பெனிக்குச் சொந்தம், துரையே பார்த்துச் சந்தோஷப்பட்டார், தன் கையில் ஒன்றுமில்லை என்று உருகினார். கிளம்பும்போது ஒரு புட்டி டானிக்கை இனாமாக வேறு நீட்டினார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறானே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புட்டியைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

மறுநாள் காலை மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பலகைக்கு நேர் கீழே இறக்கி, உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். நான் இருமுகிறேனா, என் கை நடுங்குகிறதா, கண்ணிருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவள் எண்ணம். கூட்டம் கூடியது. தேன்வாய் வெளியே வந்தார். விரட்டுவார் என்று அவள் சண்டைக்குத் தயாராக இருந்தாள். அவரோ கைதட்டினார்.

"பாத்துக்குங்க. படுத்த படுக்கையா கெடந்தவங்க. நம்ம டானிக்கு மூணே புட்டி. இன்னிக்கு மெஷின் மிதிக்கிறாங்க."

நான் குடிக்கவே இல்லை என்று அவள் கத்தியது, புட்டிக்கு நீண்ட கைகளின் சத்தத்தில் யார் காதிலும் ஏறவில்லை. சாயங்காலமே பழைய வாடிக்கைக்காரர்கள் துணியோடு வாசலில் நின்றார்கள். குணமானதாக நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், அடுப்பு எரிகிறதே என்றான் புருஷன். அதில் நியாயம் இருந்தது; அதனாலேயே அவளுக்கு எரிச்சல் கூடியது. குடிக்கவில்லை என்று சொன்னால் நோய் இன்னும் இருக்கிறது என்பார்கள். வாயை மூடிக்கொண்டு தைத்தாள்.

சந்தை நாளன்று மூட்டை தூக்குகிறவரின் பெண்டாட்டி கைக்குழந்தையோடு ஒரு கிழிசலைத் தைக்க வந்தாள். குழந்தை நெஞ்சு இழுக்க இழுக்க இருமியது. வைத்தியரிடம் காட்டவில்லையா என்று தையல்காரி கேட்டாள். வைத்தியத்தை நிறுத்திவிட்டு டானிக்தான் கொடுப்பதாகவும், அடுத்த புட்டி வாங்கத்தான் போய்க்கொண்டிருப்பதாகவும் அவள் சொன்னாள்.

"உங்களைப் பாத்துத்தான்க்கா நம்பிக்கையே வந்துச்சு."

தையல்காரி குனிந்து ஊசியில் நூல் கோத்தாள். கிழிசலைத் தைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகு தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் போன சூட்டோடு முதலாளியின் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள், அவளுக்குக் கவுன் தைக்க. கடையில் விற்கிற கவுன் குழந்தைக்குக் குத்துகிறதாம். குழந்தை இரண்டு தரம் இருமியது. டானிக் கொடுக்கிறதுதானே என்று தையல்காரி பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"ஐயையோ, அந்தக் கருமத்தையா? அவரு அதை வீட்டு வாசப்படியே தாண்ட விடமாட்டாரு." சொல்லிவிட்டுத்தான் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அளவுகூடக் கொடுக்காமல் குழந்தையை இழுத்துக்கொண்டு கடைப்பக்கம் ஓடினாள்.

மெஷினில் பாதி ஓடிய துணியை அப்படியே விட்டுவிட்டுத் தையல்காரியும் எழுந்தாள். கடையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். எல்லோரையும் தள்ளிக்கொண்டு கல்லா மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"முதலாளி, உங்க டானிக்குல ஒரு சொட்டுகூட நான் குடிச்சதில்ல. எனக்கு வந்தது பல்வலி."

பக்கத்தில் நின்றவர்கள் சட்டென்று விலகினார்கள். நேற்றுத் துணி கொடுத்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். போனது போனதுதான் என்று தையல்காரிக்குத் தெரிந்துவிட்டது. தேன்வாய் சிரித்தார், பாவம், பழைய நோய் இப்போது தலைக்கு ஏறிவிட்டது என்று கூட்டத்தைப் பார்த்து வருத்தப்பட்டார்.

"சரி, பைத்தியம்னே வச்சுக்குங்க. அதோ உங்க பாப்பா நிக்குது, இருமுது. எல்லாரும் பாக்க ஒரு ஸ்பூன் ஊத்துங்க. என் மெஷினைக் கொண்டாந்து உங்ககிட்டயே குடுத்துட்டுப் போயிடறேன்."

தேன்வாய் மனைவியைப் பார்த்தார். அவள் மகளைத் தன் பின்னால் இழுத்து மறைத்துக்கொண்டாள்.

"அது சின்னக் கொழந்தைக்கு ஒத்துக்காதும்மா" என்றார்.

கூட்டத்திலிருந்து மூட்டை தூக்குகிறவரின் பெண்டாட்டி முன்னால் வந்தாள். அப்போதுதான் வாங்கிய புட்டியை மேசைமேல் வைத்தாள். தோளில் கிடந்த குழந்தையை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள்.

"அப்போ இதுக்கு?" என்று கேட்டாள்.