இன்னும் பத்து

ஊரார் முதுகையெல்லாம் நிமிர்த்துகிறவள் பெற்ற மகளின் முதுகில் கோட்டை விட்டாள். கதவில் பிசியோதெரபிஸ்ட் என்று பலகை வேறு!

பதினான்கு வயது மகள் நாலு மாதமாக முதுகு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். "நாள் பூரா போனைப் பாத்துக் கூன் போட்டு உக்காந்தா வலிக்காம என்னடி செய்யும்?" என்று பாயை விரித்து, முதுகை அமுக்கிவிட்டுப் பயிற்சி செய்ய வைத்தாள் அம்மா. "வலிக்குதும்மா" என்றால், கிளினிக்கில் எல்லாரிடமும் சொல்லிப் பழகிய வாய், "இன்னும் பத்து" என்றது. நோயாளி அழுதாலும் அசராமல் எண்ணுவதில் அவளுக்குப் பெருமை. இத்தனைக்கும், வேறு யார் பிள்ளையாக இருந்தாலும் முதல் வாரமே எக்ஸ்ரேவுக்கு அனுப்பியிருப்பாள்.

ஒரு காலை, பள்ளிப் பையை எடுக்கக் குனிந்த மகள் நிமிரவில்லை. "அம்மா!" என்று ஒரே கத்தல்.

ஸ்கேனைக் காட்டிச் சர்ஜன் சொன்னார். "முதுகெலும்புல ரத்தம் நிறைஞ்ச கட்டி. புற்றுநோய் மாதிரி தெரியல. ஆனா எலும்பை உள்ளேயே அரிச்சு வெறும் ஓடாக்கிடுச்சு. அந்த ஓடுதான் நொறுங்கியிருக்கு. சுரண்டி எடுத்துட்டு, வேற எலும்பு வச்சு அடைச்சு, ஸ்க்ரூ போட்டுடலாம்."

"நடப்பாளா டாக்டர்?"

"நரம்பு தப்பிச்சுது. நடப்பா."

பாவி, அந்த ஓட்டின் மேல்தானே இந்தக் கையால் அமுக்கி அமுக்கி விட்டோம் என்று அவள் தன் கைகளையே பார்த்தாள்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் மகளை நிற்க வைக்க வேண்டும். அம்மா கையை நீட்டினாள்.

"நீ தொடாத. வேற யாராச்சும் வரட்டும்."

கைராசிக்காரி என்று பெயர் வாங்கியவள் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். இனி இந்தப் பிள்ளை தன்னை நம்பவே நம்பாதோ? ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பெண் வந்து, பெல்ட்டை மாட்டி, மெல்ல எழுப்பினாள். மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குது" என்றாள் மகள், அம்மாவை முறைத்துக்கொண்டே.

"போதும்டி. உக்காந்துக்கோ."

மகளின் முகம் மாறியது. "நிஜமாவே போதுமா?"

"நீ வலிக்குதுன்னா வலிக்குதுதான்."

மகள் ஒரு கையை நீட்டினாள்.

"அப்ப வந்து பிடி. இன்னும் பத்து எண்ணிட்டு உக்காருறேன்."

அம்மா ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். எண்ணத்தான் அவளுக்கு வாய் வரவில்லை. மகளே எண்ணினாள்.