முகம் தெரியும் இடம்

ஏரல் ஆற்றுமணலில் பயாஸ்கோப் கூடாரம் போட்டிருந்தார்கள். பொழுது சாயுமுன்பே சாரம்மாள், மகள் சாலோமியோடு படம் ஓட்டும் பாவாவைத் தேடிப் போனாள்.

"அண்ணாச்சி, படத்துல நீந்துதானே இன்பமணி, அவன் எம்மவன்."

பாவா எழுந்து நின்றார். "தெரியும்மா. ஊரே சொல்லுது."

தாமிரபரணி வெள்ளத்தைக் குறுக்கே நீந்திக் கடப்பதில் இன்பமணியை மிஞ்ச ஆளில்லை. கொழும்புக்குப் போய்க் கடல் நீச்சலிலும் ஜெயித்தான். அதைப் பார்த்த படக்காரர் ஒருவர் அமெரிக்காவுக்குக் கூட்டிப்போனார். ஹாலிவுட்டில் பெரிய நடிகனானான். போன வருஷ விஷக்காய்ச்சலில் இறந்து, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டான்.

"பெட்டிய மூடுததுக்கு முந்தி பெத்தவ முகம் பாக்காண்டாமா? எனக்கு அது கெடைக்கலயே. அவன் முகம் வருத எடத்துல கொஞ்சம் நிறுத்துங்க."

"நிறுத்தினா வெளக்குச் சூட்டுல பிலிம் பத்திக்கிடும்மா. வேணும்னா கைப்பிடியப் பைய சுத்துதேன்."

வெளியே வந்ததும் சாலோமி கேட்டாள்: "பயாஸ்கோப் பாக்கப் போனவளுக்குக் கோயில்ல ராப்போஜன அப்பம் கெடயாதும்பாரே பாதிரி ஐயரு. என்ன சொல்லுவ?"

"எம்புள்ளயப் பாக்கப் போனேம்பேன்."

இருட்டியதும் படம் தொடங்கியது. திரை முழுக்கக் கடல். கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"ஏலே, நம்ம இன்பமணிலே! வெள்ளக்காரியத் தூக்கிட்டு நீந்துதான் பாரு!"

"அவன் அம்மா இருக்கா. வாய மூடுலே."

கை தெரிந்தது, முதுகு தெரிந்தது. தலை தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

"முகத்தக் காங்கலயேட்டி."

"வரும்மா, பொறு."

பாறையைப் பற்றி ஏறினான். ஈரமுடியை ஒதுக்கிவிட்டு நேரே பார்த்தான். பாவா பைய சுற்றினார், இன்னும் பைய. அவருக்கு மனசு கேட்கவில்லை. கை நின்றேவிட்டது.

அசையாமல் நின்றது அந்த முகம்.

"எளச்சிட்டானேட்டி," என்றாள் சாரம்மாள்.

அவன் கன்னத்தில் பழுப்பாய் ஒரு புள்ளி விழுந்தது. அது கண்ணை நோக்கிப் பரவியது. கருகல் வாடை அடித்தது.

சாரம்மாள் துள்ளி எழுந்தாள். "அண்ணாச்சி, சுத்துங்க! எம்புள்ளைக்குச் சுடுது! சுத்துங்க!"

பாவா பதறிக் கைப்பிடியைச் சுற்றினார். இன்பமணி திரும்பி, பாறையிலிருந்து கடலுக்குள் பாய்ந்தான்.

சாலோமி தாயின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"இன்னொருக்க ஓட்டச் சொல்லட்டா?"

திரையில் அவன் தலை சின்னதாகிக்கொண்டே போனது. சாரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாம்ட்டி. போவட்டும்."